சாட்சி சொல்ல ஒருவர் வர மாட்டாரா?



சென்ற மாதம் ஒரு மாலை, பள்ளி விட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த நம் தாராவிப் பையன் ஒருவன் ஓடும் புறநகர் ரயிலிலிருந்து விழுந்தான். வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்பு. உயிர் பிழைத்தான், வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டுவிட்டது. பெயரை இங்கே அச்சிடவில்லை. பெற்றோர் வேண்டாம் என்றார்கள், நமக்கும் அதுவே சரியென்று படுகிறது.

தகப்பனார் காலை நான்கு மணிக்கு எழுந்து சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்கிறவர். தாயார் இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார். விபத்து நடந்த நாள் முதல் அந்த அம்மா ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறார். மாவாட்ட ஆள் இல்லை, ஆகவே இட்லி இல்லை. இட்லி இல்லையென்றால் அந்த வீட்டில் அடுப்பே இல்லை. பக்கத்துக் கோலிகளில் இருக்கும் மூன்று பெண்கள் யாரும் சொல்லாமலே மாவாட்டி, அவித்துக் கொடுத்தார்கள். பத்து நாளைக்குப் பிறகு சைக்கிள் மறுபடி புறப்பட்டது. சங்கம் கூடித் தீர்மானம் போடுவதற்கு முன்பே இது நடந்துவிட்டது என்பதை வெட்கத்தோடு குறித்துக்கொள்கிறோம்.

நிதி கேட்கத்தான் போகிறோம். அதற்கு முன் வேறொன்று கேட்க வேண்டியிருக்கிறது.

தகப்பனாரைப் பார்க்கப் போனபோது அவர் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. மடித்து மடித்து நைந்துபோன ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து, "அண்ணாச்சி, எம் பிள்ளை தண்டவாளத்தைத் தாண்டி ஓடினான்னு எழுதிட்டாங்க. அவன் வண்டிக்குள்ளதான் இருந்தான். இதை முதல்ல மாத்தச் சொல்லுங்க" என்றார். அவருக்கு இந்தியோ மராத்தியோ எழுதப் படிக்கத் தெரியாது. எழுதியவர் அவரை ஒன்றும் கேட்கவும் இல்லை. மயக்கத்தில் கிடந்த பையனைக் கேட்டிருக்கவும் முடியாது. ஆள் தண்டவாளத்தில் கிடந்தான், ஆகவே தண்டவாளத்தைக் கடந்தான், கணக்கு முடிந்தது.

இந்த ஒரு வரியில் என்ன இருக்கிறது என்பது ரயில்வேயில் கிளார்க் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரியும். தண்டவாளம் கடப்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம். கடந்தவனுக்கு நஷ்டஈடு கிடையாது, தண்டனைதான் உண்டு. ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுந்த பயணிக்கோ அதே சட்டத்தின் 124ஏ பிரிவு நஷ்டஈடு தருகிறது. 1994இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. யார் மேல் தப்பு என்று அது பார்ப்பதில்லை. உயிரிழப்புக்கு 8 லட்சம் ரூபாய். 2017க்கு முன் அது 4 லட்சமாக இருந்தது. காயங்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. கால் போனால், மிச்சமிருக்கும் கட்டையின் நீளத்தைப் பார்த்துத் தொகை மாறும். பதினான்கு வயதுப் பிள்ளையின் காலை அங்குலக் கணக்கில் அளப்பது படிக்கவே கசப்பாக இருக்கிறது. ஆனாலும் அந்தக் கசப்பை விழுங்கிக்கொண்டுதான் விண்ணப்பம் போட வேண்டும்.

"நீ அவர்கள் சம்பளம் வாங்குகிறவன், அவர்களிடமே நஷ்டஈடு கேட்கச் சொல்கிறாயே" என்று ஒரு நண்பர் கேட்டார். சட்டப் புத்தகத்தில் இருப்பதைச் சொல்வதற்கு நான் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

தெருமுனையில் வேறொரு பேச்சும் காதில் விழுகிறது. "வாசலில் நின்றான், விழுந்தான், யார் என்ன செய்ய முடியும்?" என்கிறார்கள். இப்படிப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் மாலை ஆறு மணிக்கு வண்டிக்குள்ளே போய் உட்கார்ந்து வருகிறார்கள்? படிக்கட்டில் தொங்குவது தவறுதான். 156ஆம் பிரிவு அதற்கும் தண்டனை சொல்கிறது. நம் பிள்ளைகளிடம் அதை நாமும் கண்டித்துச் சொல்ல வேண்டும். ஆனால் திறந்த வாசலில் நின்று விழுந்தவர் ஒருவரின் வழக்கில், அது கவனக்குறைவாக இருக்கலாம், அதற்காக நஷ்டஈட்டை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லிவிட்டது. உயர்ந்த நீதிமன்றம் மன்னித்ததை நம் தெருமுனை மன்னிக்க மறுக்கிறது!

அடுத்தது டிக்கெட். பையனிடம் சீசன் பாஸ் இருந்தது. பாஸ் பைக்குள், பை எங்கே என்று தெரியவில்லை. டிக்கெட் கையில் இல்லை என்பதாலேயே ஒருவர் பயணியல்ல என்று தள்ளிவிட முடியாதென்றும், நடந்ததைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தால் மறுத்து நிரூபிக்க வேண்டிய பொறுப்பு ரயில்வேக்குப் போய்விடும் என்றும் 2018இல் ரீனா தேவி வழக்கில் தீர்ப்பாயிற்று. ஆகவே பாஸ் இல்லாததற்காகக் கலங்க வேண்டாம். பள்ளியின் வருகைப் பதிவேட்டு நகலும், பாஸ் வாங்கிய விவரமும் கேட்டிருக்கிறோம்.

ஆனால் அவன் வண்டியில்தான் இருந்தான் என்று யார் சொல்வது? கூட நின்ற நண்பன் ஒருவன் இருக்கிறான், அவனும் சிறுவன். அந்தப் பெட்டியில் நம்மவர்கள் இருந்திருப்பார்கள். அந்த நேரத்து வண்டியில் தோல் பட்டறையிலிருந்தும் கட்டட வேலையிலிருந்தும் திரும்பும் தமிழர் பத்துப் பேராவது இல்லாமல் போகாது. "போலீஸ், கோர்ட் என்றால் கூலி போகும், கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள்" என்று ஒதுங்கியிருக்கிறார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறதென்று நமக்குத் தெரியும். மதராஸிகளை விரட்டு என்ற கூச்சல் 1960களில் இதே ஊரில் எழுந்தபோது வாயை மூடிக்கொண்டு வாழக் கற்றவர்களின் பிள்ளைகள் நாம். ஆனால் இப்போது வாயை மூடினால் போவது அந்தப் பையனின் உரிமை. பார்த்தவர்கள் வாருங்கள். போகும் நாளின் கூலியைச் சங்கம் கொடுக்கும். கூடவே ஆளும் வரும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறோம். பார்க்காதவர், நல்ல எண்ணத்தில்கூட, பார்த்தேன் என்று வர வேண்டாம். ஒரு பொய்ச் சாட்சி பிடிபட்டால் உண்மைச் சாட்சிகள் பத்தும் செல்லாமல் போகும்.

விண்ணப்பம் ரயில்வே நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். மும்பையிலேயே அதன் கிளை இருக்கிறது. பையன் மைனர் என்பதால் தகப்பனார் கார்டியனாகக் கையெழுத்திடலாம். விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். ஓராண்டு இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடக் கூடாது, சாட்சிகளின் நினைவுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. பாதித் தொகை கமிஷன் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே காத்திருந்து வெற்றுத் தாளில் கைரேகை கேட்டவர்களை அந்த அம்மாவே விரட்டிவிட்டார். அவருக்கு நம் வணக்கம்.

இனி நிதி. சர்க்கார் ஆஸ்பத்திரி என்றாலும் மருந்துச் சீட்டு வெளிக்கடைக்கு வருகிறது. மாநிலக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கலாமென்றால் இங்கே பதிவான ரேஷன் கார்டு கேட்கிறார்கள். இவர்கள் கார்டு இன்னும் திருநெல்வேலிப் பக்கத்து ஊரில் தாத்தா பெயரில் கிடக்கிறது. இந்த இதழைப் படிக்கும் வீடுகளில் எத்தனை கார்டு அப்படிக் கிடக்கிறதென்று எண்ணிப் பாருங்கள். மகாராஷ்டிரத்தின் அறக்கட்டளை ஆஸ்பத்திரிகள் நூற்றுக்குப் பத்துப் படுக்கையை ஏழைகளுக்கு இலவசமாகவும் இன்னொரு பத்தைச் சலுகையிலும் தர வேண்டுமென்பது 2006 முதல் உயர் நீதிமன்ற உத்தரவு. அதற்கும் காகிதம் வேண்டும். தாசில்தாரிடம் வருமானச் சான்றுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

புண் ஆறியதும் செயற்கைக் கால். ஹாஜி அலியில் மத்திய அரசின் புனர்வாழ்வு நிலையம் இருக்கிறது, ஜெய்ப்பூர் கால் முகாம்களும் உண்டு. முதல் கால் கிடைத்துவிடும். கவலை அதற்குப் பிறகுதான். பெரியவருக்குப் போட்ட கால் சில வருஷம் ஓடும். வளரும் பிள்ளைக்கு அப்படியில்லை. மற்றக் கால் நீள நீள இதையும் மாற்ற வேண்டும். உள்ளே எலும்பு தோலை முட்டிக்கொண்டு வளர்ந்தால் மறுபடி அறுவை. ஒருமுறை உண்டியல் குலுக்கிவிட்டு மறந்துபோகிற காரியமல்ல இது. அவன் வளர்ந்து முடியும் வரை, குடும்பத்துக்கு மாதம் பத்து ரூபாய் என்று கேட்கிறோம். பத்துக்கு மேல் தர முடிந்தவர் தரட்டும்.

"அவர்கள் எந்த ஊர், என்ன ஆள்?" என்று வசூலுக்குப் போன தொண்டர்களிடம் இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு இடத்திலும் பணம் வாங்காமல் திரும்பி வந்த தொண்டர்களைப் பாராட்டுகிறோம்.

முன்பு ஒருமுறை வசூலித்த நிதிக்குக் கணக்குப் போடத் தாமதித்தோம். ஏச்சு வாங்கினோம், வாங்க வேண்டியதுதான். இம்முறை ரசீது இல்லாமல் எவரிடமும் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வரவு செலவு மாதந்தோறும் இதே பக்கத்தில் வரும்.

பையன் தன் கணக்குப் புத்தகத்தைக் கேட்கிறான். அது அந்தப் பையோடு போய்விட்டது. ஒன்பதாம் வகுப்புத் தமிழ் வழிப் புத்தகங்கள் யார் வீட்டிலாவது இருந்தால், இம்மாதம் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் நடக்கும் கூட்டத்துக்கு வரும்போது எடுத்து வாருங்கள். அந்த மாலை வண்டியில் இருந்தவர்கள், கூட்டம்வரை காத்திராமல், எந்த நாளும் இரவு எட்டுக்கு மேல் அதே அறைக்கு வரலாம்.