அண்ணன் தம்பிங்!

ஆபீஸில் எனக்கு அடுத்த சீட் பையன், வயசு இருபத்தாறு, லஞ்ச் டயத்தில் தன் செல்போனை என் தயிர்சாதத்துக்கு முன்னால் நீட்டி, "சார், இதைப் பாருங்க" என்றான். பார்த்தேன். ஓர் அமெரிக்கர் நாலே நாலு கம்பி உள்ள பேஸ் கிடாரை மாட்டிக்கொண்டு நிற்கிறார். வாசிக்கிறாரா, அடிக்கிறாரா, சொல்ல முடியவில்லை. கட்டை விரல் போய் வருவது கண்ணுக்கே தெரியவில்லை. டிரம்ஸும் அதிலேயே, பாட்டும் அதிலேயே. பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் இல்லை.

"விக்டர் வூட்டன் சார். இந்த ஸ்டைலுக்குப் பேர் ஸ்லாப்!"

ஸ்லாப் என்றால் அறை. எனக்கு அந்த வினாடியே விழுந்தது.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பேஸ் கிடார் உண்டு. என்னுடையதில்லை, அண்ணனுடையது. அண்ணன் எனக்குப் பதினாலு வயசு மூத்தவர். 1983-லிருந்து 1996 வரை கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா என்று மெல்லிசைக் கச்சேரிகளில் பேஸ் வாசித்தவர். மேடையில் எப்போதும் பின்வரிசை. அந்தக் காலத்துக் கல்யாண ஆல்பங்களில் பாடகியின் தோளுக்குப் பின்னால் ஒரு முழங்கை மட்டும் தெரியும் அல்லவா, அது என் அண்ணனாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இளையராஜா பாட்டுகளில் பேஸ் தனக்கென்று ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு அடியில் போகும். அதை ஒரு ஸ்வரம் பிசகாமல் வாசிப்பார். ஜனங்கள் பாடகியைப் பாராட்டிவிட்டுப் பந்திக்குப் போவார்கள்.

பிறகு கீபோர்டில் எல்லாம் வந்தது. பேஸையும் கீபோர்டுக்காரரின் இடது கையே பார்த்துக்கொள்ளும் என்று ஆனதும் குழுவுக்கு ஒரு ஆள் சம்பளம் மிச்சம். அண்ணன் ஒரு ஜெராக்ஸ் கடையில் போய் உட்கார்ந்தார். சின்ன வீட்டுக்கு மாறும்போது, "இதை நீ வெச்சுக்கடா" என்று கிடாரை என்னிடம் கொடுத்தார். அதைப் பற்றி அதற்கப்புறம் அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதைத்தான் இறக்கினேன், நாற்பத்தெட்டு வயசில். நாலு கிலோ இருக்கும். புதுக் கம்பி போட்டேன். அண்ணனிடம் சொல்லவில்லை. நன்றாகக் கற்றுக்கொண்டு ஒருநாள் திடீரென்று வாசித்துக் காட்டி அசத்துவதாகத் திட்டம்.

ஸ்லாப் தியரி ரொம்ப சுலபம். தடித்த கம்பிகள் இரண்டையும் (ஈ, ஏ) கட்டை விரல் முட்டியின் பக்கவாட்டு எலும்பால், ஃப்ரெட் பலகை முடிகிற இடத்தில் தட்ட வேண்டும். தட்டின உடனே விரல் துள்ளி எழுந்துவிட வேண்டும். கம்பி மேலேயே உட்கார்ந்தால் சத்தம் செத்தது. மெல்லிய கம்பிகள் இரண்டையும் (டி, ஜி) ஆள்காட்டி விரல் நுனியால் அடியிலிருந்து லேசாகக் கொக்கி போட்டு இழுத்து விட வேண்டும். அது திரும்பி வந்து ஃப்ரெட்டில் 'டக்' என்று மோதும். இதற்குப் பெயர் பாப். மிருதங்கத்தில் தொப்பியும் வலந்தலையும் மாதிரி, இங்கே கட்டை விரலும் ஆள்காட்டி விரலும். முழங்கையிலிருந்து கையை வீசக் கூடாது. பூட்டில் சாவி திருப்புகிற மாதிரி முன்கை மட்டும் திரும்ப வேண்டும்.

அவ்வளவுதான். எட்டு வரியில் எழுதிவிட்டேன். செய்து பார்த்தால்தான் தெரிகிறது, நமக்குச் சாவி திருப்பக்கூட ஒழுங்காகத் தெரியாது என்பது.

முதல் வாரம் கட்டை விரல் ஓரத்தில் ரத்தம் கட்டிக் கொப்புளம். இரண்டாவது வாரம் ஹவுஸ் ஓனர் மேலே ஏறி வந்து, "சாயங்காலத்துல தேங்கா உடைக்கிறீங்களா?" என்றார். மூன்றாவது வாரம் நான் செய்ததுதான் முட்டாள்தனம். செல்போனில் மெட்ரோனோம் இருக்கிறது. நிமிஷத்துக்கு 60 தட்டு என்று வைத்து, தட்டுக்கு நாலு நோட்டு வாசித்தால் வினாடிக்கு நாலு. 120 வைத்தால் வினாடிக்கு எட்டு. நான் 60-ல் இரண்டு நாள்கூட இருக்கவில்லை. நேரே 120! வேகம் வராததால் பல்லைக் கடித்து, தோளை இறுக்கி, ராத்திரி பதினோரு மணி வரை அடித்தேன்.

நாலாவது வாரம் டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க முடியவில்லை. கட்டை விரலுக்கு அடியில், மணிக்கட்டுப் பக்கம் சுரீர் என்றது. ஸ்கூட்டர் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் கண்ணில் தண்ணீர். அந்த இடத்தில் ஓடும் தசைநாண் உரசி வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். "என்ன வேலை பண்றீங்க?" "அக்கவுண்ட்ஸ் சார்." "கம்ப்யூட்டரா?" "இல்லை சார், கிடார்." ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று பட்டை போட்டார். மாசக் கடைசி, அக்கவுண்ட்ஸ் முடிக்கிற வாரம். இடது கையால் மவுஸ் பிடித்து எண்ட்ரி போட்டேன். (ஒரு பூஜ்யம் அதிகமாகப் போனது தனிக் கதை. அதை மேனேஜர் ரிடையர் ஆனதும் எழுதுகிறேன்.) வேகமாக ஸ்லாப் பழக நினைக்கும் இளைஞர்கள் இந்த ஒரு பாராவை மட்டும் மறுபடி படித்துக்கொள்ளவும். தோல் வலித்தால் பரவாயில்லை, காய்த்துவிடும். உள்ளே வலித்தால் அன்றைக்கே கிடாரைக் கீழே வைக்க வேண்டும்.

என் மனைவி சும்மா இருப்பாளா? அண்ணிக்கு போன். "அக்கா, உங்க கொழுந்தன் கையைக் கெடுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார், வந்து என்னன்னு கேளுங்க."

பட்டை பிரித்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். கட்டில் மேல் கிடந்த பேஸைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. காபி குடித்து முடித்துவிட்டு, "வாசி" என்றார்.

டாக்டருக்குப் பயந்து மெதுவாகத்தான் வாசித்தேன்.

"என்னடா இது, எல்லாக் கம்பியும் கத்துது?"

"ஸ்லாப் அப்படித்தாண்ணே இருக்கும்."

"எனக்கு ஸ்லாப் தெரியாது. எங்க மேடையில கேட்கவும் மாட்டாங்க. ஆனா பேஸ் தெரியும். ஒரு நோட்டை எப்ப ஆரம்பிக்கிறேங்கறது உன் வலது கை. எப்ப நிறுத்தறேங்கறது இடது கை. நீ நிறுத்தவே இல்லையேடா. அடுத்த நோட்டு எங்க வந்து உட்காரும்?"

இரண்டு மாசமாக வீடியோ வீடியோவாகப் பார்த்தும் எனக்கு உறைக்காதது இதுதான். எல்லோரும் கட்டை விரலையே பார்க்கிறோம். வேகம் இடது கையில் இருக்கிறது. வாசிக்காத கம்பிகள் மேல் இடது கை விரல்கள் சும்மா படர்ந்து கிடக்க வேண்டும், அழுத்தாமல். அப்படிப் படர்ந்த கம்பியைத் தட்டினால் ஸ்வரம் வராது, 'தக்' என்று தோல் வாத்தியச் சத்தம் வரும். ஸ்லாப்காரர்கள் சரமாரியாகப் பொழிவதில் பெரும்பகுதி இந்தத் 'தக்'தான். கணக்குப் போட்டும் பார்த்தேன் (அக்கவுண்ட்ஸ் புத்தி). ஈ கம்பி வினாடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. வினாடிக்கு எட்டு நோட்டு என்றால் ஒரு நோட்டுக்கு ஐந்து அதிர்வுதான் கிடைக்கும். அதற்குள் அது எந்த ஸ்வரம் என்று காது கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஆக அந்த வேகத்தில் அது பாதி டிரம்தான்.

டிரம் என்றதும் அண்ணனுக்கு ஒரு கதை சொன்னேன். இதைக் கண்டுபிடித்தவர் லாரி கிரஹாம். கலிஃபோர்னியா, ஓக்லாந்துக்காரர். 1960-களில் அவருடைய அம்மா டெல் கிரஹாம் பியானோ வாசித்துக்கொண்டே பாடுவார். பையன் கிடார், காலால் ஆர்கன் பெடலில் பேஸ். கூட ஒரு டிரம்மர். ஒருநாள் ஆர்கன் ரிப்பேர். தற்காலிகமாக ஒரு பேஸ் கிடாரை வாடகைக்கு எடுத்தார். அப்புறம் டிரம்மரும் போய்விட்டார். அம்மாவும் பிள்ளையும்தான் பாக்கி. என்ன செய்வது? டிரம்மர் காலால் மிதிக்கும் 'தும்'முக்குக் கட்டை விரலால் தட்டு, குச்சியால் அடிக்கும் 'டப்'புக்குக் கம்பியை இழுத்து விடு! பெரிய கண்டுபிடிப்பு செய்கிறோம் என்றெல்லாம் நினைக்கவில்லை, ஆள் இல்லாத குறைக்குச் செய்தது. பிறகு ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழுவில் அதே விரலோடு வாசித்த 'தாங்க் யூ' பாட்டு 1969 டிசம்பரில் வெளிவந்து, 1970-ல் அமெரிக்காவில் நம்பர் ஒன். இன்றைக்கும் அவர் அதை ஸ்லாப் என்று சொல்வதில்லை. 'தம்பிங் அண்ட் ப்ளக்கிங்' என்பார்.

"தம்பிங்கா?" என்று அண்ணன் சிரித்தார். "உனக்குன்னே பேர் வெச்சிருக்கான்."

அப்படியானால் அண்ணன்களும் இருக்க வேண்டுமே. இருக்கிறார்கள். 'தண்டர் தம்ப்ஸ்' என்று பெயரெடுத்த லூயிஸ் ஜான்சன், அண்ணன் ஜார்ஜோடு சேர்ந்து பிரதர்ஸ் ஜான்சன் என்றே குழு வைத்திருந்தார். பையன் காட்டிய விக்டர் வூட்டன், ஐந்து சகோதரர்களில் கடைக்குட்டி. கற்றுக்கொடுத்தது மூத்த அண்ணன் ரெஜி.

அண்ணன் கொஞ்ச நேரம் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க ஆள் குறைஞ்சதால பேஸுக்கு வேலை கூடிச்சு. இங்க ஆளைக் குறைக்கணும்னதும் முதல்ல பேஸ்காரனைத்தான் குறைச்சாங்க" என்றார். புகாராகச் சொல்லவில்லை, கரண்ட் பில் விவரம் சொல்வது போலச் சொன்னார்.

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. 1989 முதல் 1998 வரை ஓடிய 'ஸைன்ஃபெல்ட்' டி.வி. தொடரின் ஸ்லாப் பேஸ் இசையை உலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். அது பேஸே இல்லை, ஜானத்தன் உல்ஃப் என்ற இசையமைப்பாளர் கீபோர்டில் வாசித்தது. இந்தத் தகவலை உங்களுக்குச் சொல்கிறேன். அண்ணனுக்குச் சொல்லவில்லை.

பேச்சை மாற்ற, வூட்டனின் வித்தைகளில் என் கைக்குக் கொஞ்சமாவது எட்டுகிற ஒன்றைக் காட்டினேன். இரண்டு உண்டு. கட்டை விரல் கீழே போகும்போது ஒரு நோட்டு, அடுத்த கம்பியில் முட்டி நின்று மேலே திரும்பும்போது இன்னொரு நோட்டு என்பது ஒன்று. ஒரே அசைவில் இரட்டை வருமானம். அது எனக்கு இன்னும் வசப்படவில்லை, மேலே வரும்போது நகம் மாட்டிக்கொள்கிறது. மற்றது மூன்று நோட்டு வித்தை. கட்டை விரலால் திறந்த கம்பியில் ஒரு தட்டு, இடது கை விரல் ஃப்ரெட்டில் சுத்தியல் போல விழுவதில் ஒன்று, வலது ஆள்காட்டி விரலின் பாப் ஒன்று. வலது கைக்கு நடுவில் ஒரு நோட்டு ஓய்வு, அதனால்தான் வேகம். "தகிடதான்ணே. த-கட்டை விரல், கி-இடது கை, ட-இழுப்பு." இப்போது நான் 84-ல் இருக்கிறேன். கை வலிக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று ஏற்றினால் போதும் என்று வைத்திருக்கிறேன்.

"அறுபதுல வை" என்றார் அண்ணன். "இங்க கொடு."

வாரை மாட்டிக்கொள்ளவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். இடது கை தானாகப் போய்க் கம்பிகளின் மேல் படுத்தது. கட்டை விரல் முதல் தட்டில் கம்பிக்குப் பக்கத்தில் மரத்தில் விழுந்தது. அறுபத்திரண்டு வயசு மனுஷர் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி தட்டினார். த... கி... ட. சமையலறை வாசலில் அண்ணி வந்து நின்றாள்.

"கிளம்பலாமா? மழை வர மாதிரி இருக்கு."

"இரு, கி விட்டுப் போகுது" என்றார் அண்ணன், தலை நிமிராமல்.