ஜிங்க் ஆக்சைடா, இன்னுமா?

கூடுவாஞ்சேரியில் இயற்பியலோ பொருளறிவியலோ படிக்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை; அடுத்த ஸ்டேஷனே பொத்தேரி. அவர்களில் ஒருவர் உலோக ஆக்சைடு மென்படலத்தில் பிஎச்டி செய்வதாகச் சொல்லிப் பாருங்கள். "இன்னும் ஜிங்க் ஆக்சைடுதானா? கண்ணாடியில் தெளிக்கிறது, எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே விளிம்புவிளைவு) எடுக்கிறது, பேப்பர் போடுகிறது. எலக்ட்ரானிக்ஸோ சோலாரோ, கடைசியில் ஜெயித்தது சிலிக்கான்தானே" என்பார்கள். துறைக்குள் இருப்பவர்களே இப்படிச் சொல்வதுதான் வேடிக்கை. இதில் கால்வாசி உண்மை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சிலிக்கான் ஜெயித்தது சரி. எதை வைத்துக்கொண்டு ஜெயித்தது? மானியம் வாங்கி மொட்டை மாடியில் ஏற்றும் சோலார் தகட்டையே எடுத்துக்கொள்வோம். சிலிக்கானின் மேற்பரப்பில் ஜோடி கிடைக்காத பிணைப்புகள் ஏராளம். வெளிச்சம் கிளப்பிவிட்ட எலக்ட்ரான் அங்கே சிக்கினால் மின்சாரமாக வெளியே வராது, வெறும் சூடாகிப் போகும். பெர்க் வகை செல்லில் இதைத் தடுப்பது பின்பக்கத்தில் பூசிய அலுமினியம் ஆக்சைடு. தடிமன் பெரும்பாலும் 20 நானோமீட்டருக்குள். அது அந்தப் பிணைப்புகளை அடைக்கிறது. போதாததற்குத் தன்னுள் தங்கியிருக்கும் எதிர்மின்னூட்டத்தால் எலக்ட்ரானை மேற்பரப்புக்கு வரவிடாமல் தள்ளியும் விடுகிறது. பெர்க்குக்கு அடுத்து வந்த டாப்கான் செல்லில் இதே படலம் முன்பக்கம் இருக்கிறது.

சிப்பிலும் அதே கதைதான். டிரான்சிஸ்டரின் கேட்டுக்கு அடியில் இருந்த சிலிக்கான் டை ஆக்சைடை மெலிதாக்கிக்கொண்டே போய், 1.2 நானோமீட்டர் அளவுக்கு வந்ததும் சும்மா இருக்கும்போதே மின்சாரம் கசியத் தொடங்கியது. 2007-இல் இன்டெல் தன் 45 நானோமீட்டர் சிப்பில் அந்த இடத்துக்கு ஹாஃப்னியம் ஆக்சைடைக் கொண்டுவந்தது. சற்றே தடிமனாக இருந்தும் வேலை கெடவில்லை, கசிவு அடங்கியது.

திரைகளின் பக்கம் போனால் வாதாடவே தேவையில்லை. கால்குலேட்டரின் எல்சிடியில்கூட, ஒளியையும் விட்டு மின்சாரத்தையும் கடத்துவது இண்டியம் டின் ஆக்சைடுதான். ஜப்பானில் ஹிடியோ ஹொசோனோவின் குழு 2004-இல் இண்டியம், கேலியம், ஜிங்க் மூன்றும் சேர்ந்த ஆக்சைடில், வளையும் பிளாஸ்டிக் மேலேயே டிரான்சிஸ்டர் செய்து காட்டியது. பழைய அமார்ஃபஸ் சிலிக்கானைவிட அதில் எலக்ட்ரான் பத்து மடங்கு வேகமாக நகர்ந்தது. 2012-இல் ஷார்ப் அதைத் திரைகளில் உற்பத்திக்கே கொண்டுவந்துவிட்டது. பெரிய ஓஎல்இடி டிவிகளின் பின்னால் இருப்பதும் ஆக்சைடு டிரான்சிஸ்டர்தான். "இன்னும் ஜிங்க் ஆக்சைடா" என்று கேட்பவர் வீட்டு ஹாலிலேயே அது மாட்டியிருக்கலாம்.

"தெளிக்கிறது எல்லாம் ஒரு விஞ்ஞானமா?" என்ற கேலிதான் எனக்கு உறுத்துகிறது. ஸ்ப்ரே பைராலிசிஸைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். 400 டிகிரிக்கு மேல் சூடேறிய தட்டில் கண்ணாடி ஸ்லைடு. டின் குளோரைடு கரைசலில் கொஞ்சம் அம்மோனியம் ஃப்ளோரைடு. காற்றழுத்தத்தில் துளிகள் புகைபோல விழும், அமில நெடி மூக்கைத் துளைக்கும். தட்டு கொஞ்சம் குளிர்ந்தாலே படலம் பால்போல் மங்கிவிடும். சரியாக வந்தால், ஸ்லைடைச் சாய்த்துப் பார்க்கையில் பச்சையும் ஊதாவும் ஓடும்; தடிமன் மாறும் இடத்தில் நிறமும் மாறும். எந்தப் பக்கம் பூச்சு என்று கண்ணுக்குத் தெரியாது. மல்டிமீட்டரை வைத்தால் ஒரு பக்கம் சில பத்து ஓம் காட்டும், மறுபக்கம் ஒன்றுமே காட்டாது.

ஃப்ளோரின் கலந்த இந்த டின் ஆக்சைடைத்தான் கண்ணாடித் தொழிற்சாலைகள் டன் கணக்கில் பூசுகின்றன. உலையிலிருந்து 600 டிகிரிக்கு மேல் கொதித்து வரும் கண்ணாடிப் பட்டையின் மேல் டின் சேர்மத்தின் ஆவியைப் பாய்ச்சுவார்கள். சூட்டில் சேர்மம் சிதைந்து ஆக்சைடாகக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். தெளிப்பானுக்குப் பதில் ஆவி, மற்றபடி வேதியியல் நெருங்கிய உறவு. நம் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத ஸ்ரீபெரும்புதூர் பக்கம், பிள்ளைப்பாக்கத்தில், ஃபர்ஸ்ட் சோலார் 2024 ஜனவரியில் திறந்த ஆலையின் திறன் ஆண்டுக்கு 3.3 கிகாவாட். அங்கே தயாராவது சிலிக்கான் தகடே அல்ல, காட்மியம் டெல்லுரைடு. வெயில் விழும் முன்பக்கக் கண்ணாடியில் மின்சாரத்தைச் சேகரிக்கும் ஒளிபுகு பூச்சு இல்லாமல் அந்த வகைத் தகடு வேலையே செய்யாது. "சோலார் என்றால் சிலிக்கான்" என்பது நம் மாவட்டத்து எல்லையைத் தாண்டியதுமே பொய்க்கிறது.

இண்டியம் அரிதாயிற்றே என்பார்கள். உண்மைதான், துத்தநாகம் உருக்கும்போது கிடைக்கும் துணைப்பொருள் அது. ஆனால் மேலே சொன்ன டின் ஆக்சைடில் இண்டியம் துளியும் கிடையாது.

இனி அந்தக் கால்வாசி. நம் ஆய்வேடுகளில் பல, படலத்தின் படம், எக்ஸ்ஆர்டி, ஒளி ஊடுருவல் என்று வரைபடங்களோடு நின்றுவிடுகின்றன. செல்லிலோ சென்சாரிலோ வைத்துப் பார்ப்பது குறைவு, பழையதாக்கிப் பார்ப்பது அதைவிடக் குறைவு. தேங்கியிருப்பது பொருள் அல்ல, வழிகாட்டிகளும் தேர்வாளர்களும் கேட்கும் கேள்விதான். அலுமினியம் கலந்த ஜிங்க் ஆக்சைடு ஈரப்பதத்தில் மெல்ல மெல்லக் கடத்துதிறனை இழக்கும் என்பது தெரிந்த குறை. அதை எந்தப் பூச்சால், எந்தக் கலப்பால் குறைக்கலாம் என்பது, வருடத்தில் பாதி புழுங்கும் இந்த ஊருக்கு அசல் கேள்வி. சோலார் தகடுகளுக்கான ஈரவெப்பச் சோதனை 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி நேரம் என்கிறது. கணக்குப் போட்டால் ஆறு வாரம். அந்தச் சோதனைக்கான சேம்பர் தம் துறையில் இல்லாவிட்டால் பக்கத்துத் துறையில் கேட்டு வாங்கலாம். நான்கு வருட பிஎச்டியில் ஆறு வாரம் ஒதுக்க முடியாது என்று எந்த வழிகாட்டியும் சொல்ல முடியாது.