கொட்டாய் வீடுகளும் கட்டுத்தறிக் கற்களும்

தமிழில் பழைய வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் செட்டிநாட்டைத் தாண்டி அதிகம் வருவதில்லை. பர்மாத் தேக்கும் ஆத்தங்குடித் தளமும் நமக்கு மனப்பாடம். பாலக்கோட்டைச் சுற்றிய மானாவாரிக் காடுகளில் கருங்கல்லால் எழுப்பப்பட்டு, இன்று ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டுவரும் பண்ணை வீடுகளைப் பற்றி நாம் என்ன எழுதியிருக்கிறோம்?

தருமபுரிப் பக்கம் காட்டுக்குள் இருக்கும் வீட்டைக் ‘கொட்டாய்’ என்பார்கள். கொட்டகை என்பதன் மரூஉ. மாட்டுக்குப் போட்ட கொட்டகை முதலில் வந்தது, காவலுக்குப் படுத்த குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது என்றுதான் கொள்ளத் தோன்றுகிறது. பின்னர் அதைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கும் அதுவே பெயராயிற்று. கொட்டாய் என முடியும் குக்கிராமங்கள் இங்கே ஏராளம்.

கட்டுமான முறைக்கு வருவோம். பாறை மேட்டில் தீ மூட்டிச் சூடேற்றினால் மேலடுக்கு பலகையாகப் பெயரும். உளியால் வரிசையாகக் குழியிட்டு, ஆப்பு அடித்து, வேண்டிய அளவுக்குப் பிளப்பார்கள். அந்தப் பலகைக் கல்லே சுவர், நிலைக்கால், விட்டம். சில இடங்களில் கூரையும் அதுவே. கல் எவ்வளவு பாரத்தையும் தன்மேல் தாங்கும். ஆனால் இரு முனைகளில் மட்டும் ஊன்றி நீளமாகப் பாவினால் நடுவில் முறியும். ஆகவே கல் எட்டும் அகலமே அறையின் அகலம். அறைகள் ஏன் இவ்வளவு ஒடுக்கம் என்று கேட்பவர்கள் அண்ணாந்து பார்த்தால் போதும். கனத்த சுவர் பகல் வெயிலை உள்ளே விடாமல் பிடித்துவைத்து இரவில் திருப்பித் தரும். (வாசலில் கயிற்றுக் கட்டில் கிடப்பதன் இரகசியம் அதுதான்.)

வீட்டைவிட வெளிக்கட்டுகளே நம்மை அதிகம் ஈர்க்கின்றன. வரிசையாக நட்ட கட்டுத்தறிக் கற்கள், குடைந்தெடுத்த தண்ணீர்த் தொட்டி, பாறையையே தளமாகக் கொண்ட களம், அதில் கதிரடித்த உருளைக் கல், கவலை இறைத்த கிணற்று மேட்டில் இன்னும் நிற்கும் இரட்டைக் கற்கால்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ராகிக் குழி. கேழ்வரகு ஆண்டுக்கணக்கில் கெடாத தானியம். நிலத்தடிக் குழியில் கொட்டி வாயைக் கல்லால் மூடி மண்ணிட்டுப் பூசிவிடுவார்கள். 1965 வரை இப்பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1876-78 பெரும் பஞ்சத்தில் அம்மாவட்டம் பட்ட பாட்டைப் படித்தவர்களுக்கு, அந்தக் குழியின் வாய்க்கல் வெறும் கல்லாகத் தெரியாது.

இதே தருமபுரிதான் நடுகற்களின் நாடு. ஆநிரை மீட்டு மாண்ட வீரனின் கல்லைத் தேடிப் பிடித்து, எழுத்துகளைப் படியெடுத்து, அகழ்வைப்பகத்தில் வைத்திருக்கிறோம். தொல்காப்பியம் சொல்லும் காட்சி, கால்கோள் முதலிய துறைகளை வகுப்பில் நடத்துகிறோம். மிக நல்லது. ஆனால் ஆநிரையைக் கட்டிய கல், கயிறு அறுத்த தழும்போடு ஜல்லி உடைக்கும் ஆலைக்குப் போகையில் நமக்கு உறைப்பதில்லை. அதில் எழுத்து இல்லையே!

வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல நாம் வரவில்லை. இருட்டு, தேள், குனிந்து நுழைய வேண்டிய வாசல்; அதில் வாழ்ந்தவருக்கே அதன் துன்பம் தெரியும். அவர்கள் கான்கிரீட் வீடு கட்டிக்கொள்வதைத் தடுக்க நமக்கு என்ன உரிமை? ஒவ்வொரு கொட்டாயையும் அரசு காக்க வேண்டும் என்பதும் நடக்கிற காரியமல்ல.

நம் கோரிக்கை மிகச் சிறியது. இம்மாவட்டக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகள் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஆய்வேடு தருகின்றன. அவற்றில் சிலவேனும், அச்சிட்ட நாவல்களில் ‘பெண் பாத்திரங்கள்’ தேடுவதை விட்டு, அளவு நாடாவுடன் இக்காடுகளுக்குள் நுழையட்டும். பிரிக்கப்படும் முன் தரைப்படம் ஒன்று வரையட்டும். எந்தக் கல்லுக்கு என்ன பெயர், தமிழ் பேசும் வீட்டில் ஒன்றும் கன்னடமோ தெலுங்கோ பேசும் வீட்டில் வேறொன்றுமாக எப்படி வழங்குகிறது என்று அங்குள்ள பாட்டிமாரிடம் கேட்டு எழுதட்டும். கவலை ஓட்டியவர்களும் குழியில் இறங்கி ராகி அள்ளியவர்களும் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.