ஆடிட் போகாத ஹாஸ்டல்

பையர் வருகிற வாரம் திருப்பூர் பனியன் கம்பெனி எப்படி இருக்கும் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கழிப்பறைக்குப் புதுச் சோப்பு வரும், தீயணைப்பு சிலிண்டரின் தூசி துடைக்கப்படும். "எத்தனை மணி நேரம் வேலைன்னு கேட்டா எட்டுன்னு சொல்லோணும் கண்ணு" என்று சூப்பர்வைசர் பாடம் நடத்துவார். ஆடிட்டர் வந்து பதிவேட்டைப் புரட்டிவிட்டுப் போவார். சில மாதங்களில் லண்டன் தலைமை அலுவலகம் தன் அறிக்கையை வெளியிடும்: எங்களுக்குச் சரக்கு வரும் வழியில் அடிமைத்தனம் இல்லை.

பிரிட்டனில் 2015-ல் வந்த நவீன அடிமைத்தனச் சட்டம், ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ள கம்பெனிகளிடம் இந்த அறிக்கையைக் கேட்கிறது. ஆனால், 'நாங்கள் எதுவும் செய்யவில்லை' என்று எழுதிக் கொடுத்தாலும் சட்டப்படி போதும்! பின்னால் வந்த ஜெர்மன் சட்டம் கொஞ்சம் கறார். ஆபத்து எங்கே இருக்கிறதென்று கம்பெனியே தேடிப் பார்க்கச் சொல்கிறது.

எங்கே தேடுவது? சட்டை தைக்கிற இடத்தில் மட்டும் தேடினால் பாதிதான் தெரியும். அந்தத் துணிக்கான நூல் திண்டுக்கல், ஈரோடு, விருதுநகர்ப் பக்கத்து ஸ்பின்னிங் மில்லிலிருந்து வந்திருக்கும். பையருக்கு அந்த மில்லின் பெயரே பெரும்பாலும் தெரியாது. 'சுமங்கலி திட்டம்' நடந்ததெல்லாம் அங்கேதான். ஏஜென்ட் கிராமத்துக்கு வருவார். பதினைந்து, பதினாறு வயதுப் பெண்ணை மூன்று வருஷம் அனுப்பினால், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்பார். இடையில் உடம்பு முடியாமல் ஊர் திரும்பினால் அந்தப் பணம் போனதுதான். நெதர்லாந்து அமைப்புகள் 2011-ல் இதை விரிவாக எழுதிய பிறகுதான் ஐரோப்பியக் கடைகள் விழித்தன. இத்தனைக்கும் நம் நாட்டில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லிருந்தே இருக்கிறது.

இப்போது 'சுமங்கலி' என்ற பெயரை யாரும் சொல்வதில்லை. ஹாஸ்டலும் வார்டனும் ஏஜென்டும் அப்படியேதான். வருகிற பெண்களில் பலர் ஒடிசா, ஜார்க்கண்ட். ஒரு மில் ஹாஸ்டல் வாசலில் கேட் நோட்டைப் பார்த்திருக்கிறேன். பெயர், போகும் இடம், யாருடன், திரும்பிய நேரம், வார்டன் கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை, 'மார்க்கெட்', கும்பலாகப் பெயர்கள், துணைக்கு ஒரே வார்டன். தனியாகப் போனதாக ஒரு வரிகூட இல்லை. சம்பளப் பதிவேட்டைவிட இந்த நோட்டு அதிகம் பேசும். பி.எஃப். கட்டியிருக்கலாம், சாப்பாடு நன்றாகவே இருக்கலாம். நாளைக் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இதுவரை உழைத்த சம்பளத்தோடு அங்கிருக்கும் ஒரு பெண் ஊருக்குக் கிளம்ப முடியுமா? ஆடிட்டர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

இன்னொரு இடத்திலும் தேட வேண்டும்; பையரின் சொந்த மெயிலில். டிசைனைக் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டு டெலிவரி தேதியை மாற்றாமல் இருப்பது, சென்ற ஆண்டு விலையைவிடக் குறைத்துக் கேட்பது என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த நெருக்கடி தையல் கம்பெனிக்கு வந்து, நூல் விலையில் இறங்கி, கடைசியில் மில்லின் இரவு ஷிப்டில் போய் நிற்கும். நாடுகளுக்குச் சிவப்பும் மஞ்சளும் பூசி 'ரிஸ்க் மேப்' தயாரிக்கிற கம்பெனிகள் தங்கள் கொள்முதல் பிரிவுக்கு என்ன நிறம் பூசுகின்றன என்று நான் பார்த்ததில்லை.

தொழிலாளிகளே தேடிப் பார்த்த இடமும் ஒன்று உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் விடாமல் போராடி, 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. அங்கிருந்து ஆடை வாங்கிய எச் அண்ட் எம் நிறுவனமும் அதில் கையெழுத்திட்டது. அதன்படி தொழிலாளிப் பெண்களே பயிற்சி பெற்று, தங்கள் தளத்தில் நடப்பதைக் கண்காணித்துப் புகார் எழுப்பினார்கள். உரிமையாளர் ஒப்பந்தத்தை மீறினால் ஆர்டருக்கு ஆபத்து என்பது ஏற்பாடு. அந்தத் தொழிற்சாலையின் சரக்குக்கு அதே ஆண்டு ஜூலையில் தடை போட்ட அமெரிக்கச் சுங்கத்துறை, செப்டம்பரில் அதை நீக்கிக்கொண்டது.

வெளியிலிருந்து வருகிற எந்த ஆடிட்டரையும்விட இந்தப் பெண்களை நான் நம்புவேன். ஆனால் அந்த ஒப்பந்தம் ஒரே ஒரு குழுமத்தின் ஆலைகளுக்குத்தான். தமிழ்நாட்டில் நூற்பாலைகள் ஆயிரத்துக்கும் மேல்.