வாங்க மறுப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு



சென்ற மாதம் ஒரு மாலை. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு தாயார், மகனையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மகன் என்னிடம் படித்தவன்தான். இப்போது பட்டணத்துக் கல்லூரியில் அசைவுப் படம் செய்யும் கலையைப் பயில்கிறான்.

"சார், இவன் கம்ப்யூட்டருக்கு ஒரு கார்டு வேணுமாம். சீட்டு எடுத்து ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி வச்சிருக்கேன். போன வாரம் ஒரு கம்பெனிப் பேரைச் சொன்னான். இந்த வாரம் அந்தக் கம்பெனியையே புறக்கணிக்கணும்கிறான். நீங்களே சொல்லுங்க, எதை வாங்குறது?"

அந்தத் தாய்க்கு ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி என்பது எத்தனை நாள் குனிந்து நிமிர்ந்த உழைப்பு என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே இந்த மாதம் இதைப் பற்றியே பேசுவோம்.

அவன் கேட்டது கிராபிக்ஸ் கார்டு. கணினித் திரையில் படங்களை விரைவாக வரைந்து காட்டும் உறுப்பு அது. விளையாட்டுக்கு மட்டுமன்று, படம் செய்யும் தொழிலுக்கும் அது வேண்டும். அதன் மூளையான சில்லை வடிவமைப்பவர்களில் முக்கியமானவர்கள் மூவர்: என்விடியா, ஏஎம்டி, இன்டெல். ஆசுஸ், எம்எஸ்ஐ போன்ற நிறுவனங்கள் அந்தச் சில்லை வாங்கி, விசிறியும் பலகையும் சேர்த்துத் தங்கள் பெயரில் விற்கின்றன. மூவரில் பெரியது என்விடியா. தம்பிக்குக் கோபம் அதன் மேல்தான்.

அந்தக் கோபம் வெறும் கோபம் அன்று. 2014இல் அந்த நிறுவனம் ஜிடிஎக்ஸ் 970 என்ற கார்டை 4 ஜிபி நினைவகம் உள்ளதாக விற்றது. அதில் கடைசி அரை ஜிபி மற்றதைவிட மிக மெதுவானது என்பது 2015 ஜனவரியில் வெளிப்பட்டது. அமெரிக்காவில் வழக்காகி, 2016இல் கார்டு ஒன்றுக்கு 30 டாலர் தர நிறுவனம் உடன்பட்டது. பிள்ளைகள் இதையெல்லாம் படித்துத்தான் பேசுகிறார்கள். "உனக்கு என்ன தெரியும்?" என்று வாயை அடைக்காதீர்கள்.

ஆனால் வாங்க மறுத்தால் பயன் உண்டா? இதற்கு விடை நம் தோட்டத்து வரலாற்றிலேயே இருக்கிறது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்தது. ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி அதன் தலைவர்களில் ஒருவர். அவர்கள் கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். போலீசும் சிறையும் வந்தன. ஒருவர் மட்டும் வீட்டிலிருந்து குடிக்காமல் இருந்திருந்தால் கடைக்கு ஒரு போத்தல்தான் நட்டம். லயத்துக்கு லயம் ஒன்றாக நின்றதால்தான் அது நாடறிந்த செய்தியானது. என்ன வேண்டும் என்பதிலும் குழப்பமில்லை: கள்ளுக்கடையை மூடு. அவ்வளவுதான். ஊர் கூடினால்தான் தேர் நகரும்.

கார்டு விஷயத்திலும் தேர் சில முறை நகர்ந்திருக்கிறது. 2018 மார்ச்சில் என்விடியா கூட்டாளித் திட்டம் ஒன்றை அறிவித்தது. கார்டு செய்யும் நிறுவனங்கள் தங்கள் புகழ்பெற்ற விளையாட்டுப் பெயர்களை அதன் கார்டுகளுக்கு மட்டுமே ஒதுக்க வேண்டியிருக்கும் என்ற செய்தி வெளியாயிற்று. ஆசுஸ் ஏஎம்டி கார்டுகளுக்கென்று வேறொரு பெயரே தேடியது. பயனீட்டாளர்களிடையே பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. அதே ஆண்டு மே 4ஆம் தேதி திட்டம் கைவிடப்பட்டது. நிறுவனம் தவறென்று ஒப்பவில்லை, வதந்திகள் பரவுகின்றன என்று சொல்லித்தான் கைவிட்டது. எப்படியோ, கைவிட்டது.

2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் திறன் வேறுபட்ட இரண்டு கார்டுகளை அறிவித்தார்கள். குறைந்த திறன் கொண்டதற்கு 899 டாலர். வாங்குபவரை ஏமாற்றும் பெயர் என்று பலரும் கண்டித்தார்கள். அக்டோபரிலேயே அந்தக் கார்டைத் திரும்பப் பெற்றார்கள். 2023 ஜனவரியில் அது 4070 டிஐ என்ற பெயரில், 799 டாலருக்கு வந்தது. நூறு டாலர் இறங்கியது பாருங்கள்!

இரண்டு முறையும் குறை இன்னதென்று தெளிவாக இருந்தது. பலர் ஒரே நேரத்தில் உரக்கச் சொன்னார்கள். இந்த இரண்டும் இல்லாத புறக்கணிப்பு நிறுவனத்தின் காதில் விழாது. 2025 ஜனவரியோடு முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் வருமானம் சுமார் 13,050 கோடி டாலர். அதில் விளையாட்டுக் கார்டுப் பிரிவின் பங்கு சுமார் 1,135 கோடிதான். மீதியில் பெரும்பகுதி செயற்கை அறிவுக்கான கணினி நிலையங்களுக்கு விற்ற சில்லுகளால் வந்தது. நம் தம்பி ஒருவன் யாரிடமும் சொல்லாமல் வாங்காவிட்டால் அங்கே யாருக்குத் தெரியப்போகிறது?

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். ஒருவர்மேல் கோபம் வந்தால் அடுத்தவர் உத்தமர் ஆகிவிடமாட்டார். ஏஎம்டி தன் செயலிகளில் எட்டுக் கோர் இருப்பதாக விளம்பரம் செய்தது தவறு என்று தொடரப்பட்ட வழக்கில், 2019இல் 1 கோடியே 21 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. 2023இல் என்விடியா 4060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகை விற்றது. 2025இல் ஏஎம்டியும் 9060 எக்ஸ்டி என்ற பெயரில் அதையே செய்தது. இரண்டு நிறுவனங்களின் சில்லுகளையும் தைவானில் உள்ள டிஎஸ்எம்சி என்ற ஆலைதான் செய்து கொடுக்கிறது. ஆகவே ஒரு கம்பெனியைக் கும்பிடுவதும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு வெறுப்பதும் வேண்டாம்.

அப்படியானால் எப்படி வாங்குவது? முதலில், பிள்ளை எந்த மென்பொருளில் வேலை செய்கிறான் என்று கேளுங்கள். சில மென்பொருள்கள் என்விடியாவின் குடா என்ற முறையில் மட்டுமே ஓடும். சில எந்தக் கார்டிலும் ஓடும். இரண்டாவது, நினைவகம் எத்தனை ஜிபி என்று பெட்டியின்மேல் பாருங்கள். பெயரை மட்டும் நம்பாதீர்கள். மூன்றாவது, மின்சாரம். 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட் போதும். அதே ஆண்டு வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 7600 கார்டுக்கு 165 வாட் வேண்டும். வீட்டுக் கணினியின் மின்பெட்டி அதைத் தாங்குமா, கார்டின் நீளம் உள்ளே அடங்குமா என்று அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். நான்காவது, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதானால் யாரிடம் கொடுப்பது என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள்.

வாங்கிய பொருளில் கோளாறு இருந்து கடைக்காரர் கைவிரித்தால் அழுதுகொண்டு இருக்க வேண்டாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நம் நாட்டில் ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. ஐந்து வெள்ளிக் கட்டணத்தில் 50,000 வெள்ளி வரை அங்கே முறையிடலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை.

தம்பியின் கல்லூரிப் பாடத்துக்கு வேண்டிய மென்பொருள் குடா முறையில் மட்டும் ஓடுவது. வேறு கார்டு வாங்கினால் இறுதியாண்டு வேலையை அவனால் முடிக்க முடியாது. பழைய கார்டு வாங்கினால் அந்த நிறுவனத்துக்கு நேராகப் பணம் போகாது, ஆனால் உத்தரவாதம் இருக்காது. இதையெல்லாம் சொன்னபோது அவன் தலை குனிந்துகொண்டான்.

"அப்போ என் கொள்கை என்ன ஆவது, சார்?" என்றான்.

"தம்பி, கொள்கை உன்னுடையது. காசு உன் அம்மாவுடையது. கோபத்தில் அறுத்த மூக்கு சிரித்தால் திரும்ப வருமா? இன்று வேலைக்கு ஏற்றதை வாங்கு. இரண்டு கார்டும் உன் வேலைக்குச் சமமாக ஒத்துவரும் நாளில் மனசாட்சிப்படி தேர்ந்தெடு. குறை கண்டால் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு, இன்னது குறை என்று எல்லாரும் கேட்கச் சொல். அதுதான் புறக்கணிப்பு" என்றேன்.

மறுவாரம் தாயும் மகனும் பட்டணம் போய் வேலைக்கு ஏற்ற கார்டையே வாங்கி வந்தார்கள். ரசீதைத் தாயார் பிறப்புப் பத்திரங்களோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.