ஃபார்மேட் போடும் முன்...

வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால், சர்வீஸ் கடையில் வரும் முதல் கேள்வி, ‘ஃபார்மேட் போட்டுடலாமா?’ உடனே தலையாட்டிவிடாதீர்கள். பல கோளாறுகளுக்கு அது தேவையே இல்லை!

* ஆன் செய்யும்போதெல்லாம் தேதி, நேரம் பின்னால் போகிறதா? மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். மாற்றினால் போதும்.

* கொஞ்ச நேரம் ஓடித் தானாக அணைகிறதா? பிராசஸர் ஃபேனில் தூசி அடைத்துச் சூடேறியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள்.

* பீப் சத்தம் வருகிறது, திரையில் எதுவும் இல்லையா? ரேமைக் கழற்றி, மறுபடி அழுத்தி மாட்டச் சொல்லுங்கள்.

* ஹார்ட் டிஸ்க்கில் ‘டிக் டிக்’ சத்தமா? இதுதான் ஆபத்து. உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்தால், மீட்க முடிந்த ஃபைல்களும் போகலாம்.

ஃபார்மேட்தான் ஒரே வழி என்றால், ‘சி டிரைவ் மட்டும்தானே’ என்று அலட்சியம் வேண்டாம். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். விண்டோஸ் திறக்காவிட்டாலும், டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்து காப்பி எடுக்க முடியும். முதலில் அதைக் கேளுங்கள். விண்டோஸை மறுபடி போட்டுக்கொள்ளலாம். பாப்பாவின் முதல் பிறந்தநாள் போட்டோவை மறுபடி எடுக்க முடியாதே!