கால்குலேட்டர் சொல்வது தீர்ப்பல்ல

எண்ணைத் தசமமாக்கிப் பார்த்தால் போதும், இலக்கங்கள் முடிந்தாலோ சுழன்று வந்தாலோ விகிதமுறு எண், இல்லையென்றால் விகிதமுறா எண் என்று பலரும் நம்புகிறார்கள். தேற்றம் சரிதான். ஆனால் அது முடிவில்லாத முழு விரிவைப் பற்றிய தேற்றம். சில இலக்கங்களைக் கண்ணால் பார்த்து முடிவு கட்டுவது பிழை. அப்படி எழும் நான்கு தவறான எண்ணங்கள் இதோ.

1. “முடியாமல் நீண்டால் விகிதமுறா எண்.” தவறு. 0.333... முடிவதே இல்லை, ஆனாலும் அது 1/3. சுருக்கிய பின்னத்தின் பகுதியில் 2, 5 தவிர வேறு பகாக் காரணி இருந்தால் தசமம் முடியவே முடியாது.

2. “சுழற்சி தெரியாவிட்டால் விகிதமுறா எண்.” இதுவும் தவறு. 1ஐ 17ஆல் வகுத்தால் கால்குலேட்டர் 0.058823529 என்று காட்டி நின்றுவிடும். சுழற்சியின் சுவடே இருக்காது. கையால் நீள் வகுத்தல் செய்யுங்கள். மீதிகள் 10, 15, 14, 4, 6, 9 என்று வரும். மீதி 1 முதல் 16 வரைதான் இருக்க முடியும் என்பதால், ஏதோ ஒன்று மறுபடி வந்தே தீரும். மீதி திரும்பினால் ஈவின் இலக்கங்களும் திரும்பும். இங்கே 16 இலக்கங்கள் கடந்துதான் இலக்கங்கள் மறுபடி வரத் தொடங்குகின்றன. 1/97க்கு 96 இலக்கங்கள் ஆகும்.

3. “சுழற்சி தெரிந்தால் விகிதமுறு எண்.” e என்னும் கணித மாறிலியின் மதிப்பு 2.718281828 என்று தொடங்குகிறது. 1828 இரண்டு முறை வந்துவிட்டது! அடுத்து வருவதோ 459045. e விகிதமுறா எண் என்று ஆய்லர் 1737இல் நிறுவினார்.

4. “ஒழுங்கு இருந்தாலே விகிதமுறு எண்.” 0.101001000100001... இதில் ஒழுங்கு தெளிவாகவே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு சுழியம் கூடுகிறது. எவ்வளவு நீளமான சுழல் தொகுதியைக் கற்பனை செய்தாலும், அதைவிட நீளமான சுழிய வரிசை பின்னால் வரும். அப்படியானால் அந்தத் தொகுதியே முழுக்கச் சுழியமாக இருக்க வேண்டும். 1கள் தொடர்ந்து வருவதால் அது முடியாது. எனவே இது விகிதமுறா எண்.

√2க்குக் கால்குலேட்டர் திரை காட்டும் 1.414213562 உண்மையில் ஒரு பின்னம்தான். √2ஐ விகிதமுறா எண் என்று காட்டுவது திரையல்ல, நிரூபணம்: அதைச் சுருக்கிய பின்னமாகக் கொண்டால் தொகுதி, பகுதி இரண்டுமே இரட்டை எண்ணாகி முரண்பாடு வருகிறது. 0.5772... எனத் தொடங்கும் ஆய்லர் மாறிலிக்குப் பல ஆயிரம் கோடி இலக்கங்கள் கணக்கிடப்பட்டும், அது எந்த வகை என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

ஆகவே வகுப்பறையில் “இது விகிதமுறு எண்ணா?” என்று கேட்கும்போது “ஏன்?” என்றும் கேட்க வேண்டும். திரையைக் காட்டும் விடைக்கு அல்ல, மீதியைக் காட்டிக் காரணம் சொல்லும் விடைக்கே மதிப்பெண் தர வேண்டும்.